புறா மலையின் பூப்பாதை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வடமேற்கு மூலையில், லுக்அவுட் மலையிலிருந்து கட்டைவிரல் போலப் பிரிந்து கிடக்கிறது பிஜியன் மலை. அதன் மேற்குச் சரிவில், மூன்று பக்கமும் மலை வளைத்துக்கொண்ட ஓர் இடுக்குக்குப் ‘பாக்கெட்’ என்று பெயர். ஷெர்லி மில்லர் காட்டுப்பூப் பாதை இங்கேதான் இருக்கிறது. 1991 முதல் 1999 வரை மாநில ஆளுநராக இருந்த ஜெல் மில்லரின் மனைவி பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். பாதையின் நீளம் சுமார் 800 அடி, முழுவதும் மரப்பலகை நடைமேடை. பலகை முடிந்த இடத்திலிருந்து ஒரு காட்டுத்தடம் அருவிவரை போகிறது. ஏற்றம் பெரிதாக இல்லாததால் முதியவர்களும் குழந்தைகளும் பலகை வழியில் தாராளமாக நடக்கலாம்.

அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லஃபாயெட் என்ற சிற்றூரைத் தாண்டிய பிறகுதான் வழி சுவைப்படுகிறது. இந்த நிலம் செரோக்கி மக்களுடையது. 1838-இல் அவர்களை வீடு வாசலிலிருந்து விரட்டி மேற்கே அனுப்பியபோது, லஃபாயெட்டில் இருந்த ஒரு கோட்டையிலும் அவர்களை அடைத்து வைத்தார்கள். ஊருக்கு மேற்கே டேவிஸ் கிராஸ்ரோட்ஸ் என்னும் நாற்சந்தி வருகிறது. உள்நாட்டுப் போரின்போது, 1863 செப்டம்பரில், பள்ளத்தாக்குக்குள் தனியே நுழைந்துவிட்ட வடக்கின் படைப்பிரிவு ஒன்றை வளைத்துப் பிடிக்கத் தெற்கின் தளபதி பிராக் உத்தரவிட்டார். கீழிருந்த தளபதிகள் தயங்கித் தயங்கி நாளைக் கடத்த, எதிரி நழுவிப் போனான். ஒரு வாரம் கழித்துச் சிக்கமாகா போர் நடந்தது. இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 34,000 பேர் மாண்டும் காயம்பட்டும் சிறைப்பட்டும் போனார்கள். இன்று அந்தச் சந்தியைச் சுற்றிலும் மேய்ச்சல் நிலம்தான். அங்கிருந்து ஹாக் ஜௌல் சாலையில் தெற்கே திரும்பி, பிறகு சரளைக்கல் வழியில் மெதுவாக உள்ளே போகவேண்டும்.

மலைக்குப் பெயர் கொடுத்த புறாக்கள் இப்போது இல்லை. பயணப்புறா என்ற அந்த இனம் வானம் இருளும்படி கூட்டமாகப் பறந்து, இந்த மலை மரங்களில் அடைந்த காலம் உண்டு. மனிதர்கள் வேட்டையாடியும் காட்டை வெட்டியும் தீர்த்துவிட்டார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. மலையை ஒட்டி நடக்கிறவர் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பலகையில் கால் வைப்பது நல்லது. கீழே இருக்கும் பூக்களும் எளிதில் திரும்பி வருகிறவை அல்ல.

மலையின் உச்சி மணற்பாறை, அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து மலைக்குள் எலிசன்ஸ் குகையைக் குடைந்திருக்கிறது. அதற்குள் 586 அடி செங்குத்தாக இறங்கும் கிணறு போன்ற ஒரு குழி உண்டு. அதே சுண்ணாம்பு பாக்கெட்டின் மண்ணையும் வளமாக்குகிறது. ஜார்ஜியாவில் அரிதாகவே காணக்கிடைக்கும் வர்ஜீனியா புளூபெல் இங்கே திட்டுத் திட்டாகப் பூப்பதற்கு இந்த மண் ஒரு முக்கியக் காரணம். அதன் மொட்டு இளஞ்சிவப்பு. விரிய விரிய நீலமாகிறது. ஒரே கொத்தில் இரண்டு நிறமும் தொங்குவதைக் காணலாம். பக்கத்திலேயே செலண்டைன் பாப்பியின் பளிச்சென்ற மஞ்சள். நீலமும் மஞ்சளும் கலந்து விரியும் அந்த இடத்தில் நிற்காமல் போவது கடினம்.

பிளட்ரூட் வெள்ளைப் பூ. ஒற்றை இலை தண்டைச் சுற்றி அணைத்தபடியே மண்ணிலிருந்து எழும்புகிறது. இதழ்கள் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். வேரைக் கீறினால் சிவந்த சாறு கசியும்; செரோக்கிகள் கூடை பின்னும் நாருக்கு அதில் சாயம் ஏற்றினார்கள். டிரில்லியத்துக்கு எல்லாம் மூன்று: இலை மூன்று, புல்லி மூன்று, இதழ் மூன்று. விதையிலிருந்து முதல் பூவரை போக அதற்கு ஏழு ஆண்டுகூட ஆகும். ஒருவர் படம் எடுப்பதற்காகப் பலகையை விட்டு இறங்கி மிதித்தால் அழிவது அத்தனை ஆண்டுகளின் வளர்ச்சி. மூன்று இலையையும் பறித்துவிட்டால் செடிக்கு அந்த ஆண்டு உணவே இல்லை. பலகை நடைமேடை மனிதரின் செருப்பு சேறாகாமல் இருப்பதற்காகப் போட்டதன்று; செடிகளுக்காகப் போட்டது. குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வருவதுதான் முறை.

இந்தப் பூக்கள் மார்ச்சில் அவசரப்படுவதற்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த மரங்கள் ஏப்ரலில் மறுபடி தழைக்கும். தழைத்துவிட்டால் தரையில் நிழல்தான். நடுவில் கிடைக்கும் சில வாரங்களின் வெயிலில் முளைத்து, பூத்து, காய்த்து, ஓராண்டுக்கான உணவை வேரில் சேமித்துக்கொள்ளவேண்டும். பல செடிகள் கோடை தொடங்கும்போதே தரைக்கு மேல் மறைந்துவிடுகின்றன. ஜூலையில் வருகிறவருக்குப் பசுமை மட்டுமே கிடைக்கும். பார்ப்பதற்கு உகந்தது மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம்வரை.

பிளட்ரூட், டிரில்லியம் போன்றவற்றின் விதைகளில் கொழுப்பு நிறைந்த சிறு ஒட்டு ஒன்று இருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய் ஒட்டைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையில் போடும். அங்கே அது முளைக்கும். எறும்பு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் இந்தச் செடிகளின் பயணம். ஒரு தலைமுறைக்குச் சில மீட்டர். உழுது அழித்த காட்டில் மரம் திரும்பிய பிறகும் இந்தப் பூக்கள் நெடுங்காலம் திரும்பாததற்கு இது முக்கியக் காரணம்.

பலகை முடிந்ததும் தடம் கல்லும் வேருமாக மாறுகிறது. ஈரமான நாளில் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி வேண்டும். அருவி மழையை நம்பியது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நீர் நன்றாக விழும், கோடையில் மெலிந்துபோகும். அழகான அருவிதான். ஆனாலும் அதைப் பார்க்கும் அவசரத்தில் 800 அடியையும் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறவர்கள் பாக்கெட்டின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். குனிந்து பார்த்து நடந்தால் ஒரு மணி நேரமும் போதாது.

உள்ளே கடை இல்லை. சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோய், குப்பையை ஒரு தாள்கூட விடாமல் திருப்பி எடுத்து வரவேண்டும். இது மாநிலத்தின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி என்பதால் நுழைவு அனுமதிச் சீட்டை முன்பே வாங்கிக்கொள்வது அவசியம். பூக்காலத்தின் பின்பகுதி வான்கோழி வேட்டைக் காலத்தோடு சேர்ந்து வரும். ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்கள் உண்டு. அந்நாட்களில் போகிறவர்கள் இந்த மூன்று நிறங்களையும் தவிர்த்து, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் உடுத்துவது பாதுகாப்பு.