தங்கைக்கு ஒரு சைக்கிள்

ஈப்போவில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் யான் ஒரு சைக்கிள் பிரேமை விலைக்கு வாங்கினேன். சாயமின்றிச் சாம்பல் நிறமாய்ச் சுவரோரம் கிடந்த அதனைக் கடைக்காரர் அலுமினியம் என்றே எண்ணியிருந்தார். அது டைட்டேனியம், 1990-களில் மலைப்பாதைக்கென்று செய்யப்பெற்றது, பின்புறம் ஸ்பிரிங் இல்லாத வகை. உண்மையைச் சொல்லியே வாங்கினேன். விலை சிறிது ஏறிற்று.

இவ்வுலோகம் நமக்கு அந்நியமன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய கருமணலை ‘அமாங்’ என்பர். அதில் இல்மனைட் உண்டு; இல்மனைட்டினுள் டைட்டேனியம் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அஃதே. 1791-ல் வில்லியம் கிரகர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் கார்ன்வால் மணலில் இதனைக் கண்டறிந்தார். எனினும், மக்னீசியத்தின் துணையால் இதனைத் தொழிலுக்கு ஏற்றவாறு பிரித்தெடுக்கும் வழியை லக்சம்பர்க் நாட்டவரான வில்லியம் குரோல் வகுத்தது 1940-ஐ ஒட்டியேயாம். இரும்பின் எடையில் பாதிக்குச் சற்றே கூடுதல். மழையிற் கிடந்தாலும் துருவேறாது.

ஆனால் அதனுட் செருகியிருந்த அலுமினியச் சீட்டுத் தண்டு அசைய மறுத்தது. இருவேறு உலோகங்களின் நடுவே ஈரம் புகின் அலுமினியம் அரித்து உப்பிவிடும். பிறகு சம்மட்டிக்கும் மசியாது. பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, தண்டின் வாயைத் தக்கையால் அடைத்து, பெடல் அச்சுத் துளை வழியே அமோனியா நீரை வார்த்தேன். அந்த நெடி எழுந்ததும் என் கண்கள் கலங்கின. நெடியால் மட்டும் அன்று.

தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறைந்துபோகாதிருக்க வாளியில் விடுவதும் அமோனியாவே. எம் தந்தையார் வேட்டியில் என்றும் அந்த வாடை இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து அத்தோட்டத்துக்குப் பஸ் வராது; இடைநிலைப் பள்ளியோ நான்கு கல் தொலைவு. எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. 1986-ல் என் தங்கை புகுமுக வகுப்புக்குப் போகவேண்டிய பருவம் வந்தபோது, வயது வந்த பெண் சைக்கிள் ஏறினால் குடும்ப மானம் போய்விடும் என்று லயத்துப் பெரியோர் தீர்ப்பளித்தனர். மானம் இரண்டு சக்கரத்தின்மேலா இருக்கிறது, அன்பர்களே? அவள் புல்வெட்டும் வேலைக்குப் போனாள். அவளைப் பின்னால் ஏற்றிச் செல்கிறேன் என்று யான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டாளிகள் கேலி செய்வார்களே என்ற அச்சம் ஒன்றே காரணம். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்டப் பழக்கினர்; ஆயிரமாயிரம் பெண்கள் ஓட்டினர். அச்செய்தியைப் படித்த நாளிலும் யான் வாய் திறந்தேனில்லை.

மறுநாள் தண்டை இடுக்கியிற் பிணித்துப் பிரேமையே திருகினோம். என் தங்கை மகள் ஒருபுறம், யான் ஒருபுறம். ஒரு கிறீச்சொலியுடன் அது கழன்றது. புதுத் தண்டுக்குச் செம்புத்தூள் கலந்த மசகு தடவினேன். 26 அங்குலச் சக்கரங்கள் எளிதிற் கிடைத்தன. போர்க் மட்டுமே தொல்லை தந்தது. இக்காலத்துப் போர்க்குகளின் தண்டு அடியிற் பருத்திருப்பதால் பழைய தலைக்குழாயில் நுழையாது. நீளமும் மிகுதியாகி முன்புறத்தைத் தூக்கிவிடும். ஆதலின் ஸ்பிரிங் இல்லாத பழைய எஃகுப் போர்க் ஒன்றைத் தேடிப் பூட்டினேன்.

தங்கை மகளுக்கென்றே வண்டியைக் கட்டினேன். கிளேடாங் மலைப்பாதையில் ஓட்ட அவளுக்கு ஆசை. முடிந்த அன்று தங்கையும் வந்திருந்தாள். வண்டியைச் சுற்றிவந்து, சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

“இதை இன்னும் கொஞ்சம் எறக்க முடியுமா அண்ணே?” என்றாள்.

சாவியை எடுத்துச் சீட்டை இரண்டங்குலம் இறக்கினேன். மகள் பின்னால் பிடித்துக்கொண்டாள். தங்கை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எந்தக் கைப் பிரேக்கை முதலிற் பிடிக்கவேண்டும் என்று கேட்டாள்.