ஆறு நாள் வாழும் காகித வீரர்கள்

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் வடகோடியிலே, விரிகுடாவொன்றைத் தழுவிக் கிடக்கின்றது அவோமோரி நகரம். குளிர்காலத்திலே வெண்பனியில் மூழ்கி ஒடுங்கிக் கிடக்கும் இந்நகரம், ஆகஸ்ட் மாதம் 2ஆந் திகதி முதல் 7ஆந் திகதிவரை ஒளிவெள்ளத்தில் மிதக்கின்றது. அதுவே நெபுத்தா விழா. முரசு அதிர, குழல் ஒலிக்க, "ரஸ்ஸேரா! ரஸ்ஸேரா!" என்று ஆடுவோர் ஆர்ப்பரிக்க, பிரமாண்டமான உருவங்கள் வீதிவலம் வருகின்றன.

விழிகள் பிதுங்க, வாளோங்கி நிற்கும் அவ்வீரர்கள் யாவரும் காகிதத்தாலானவர்கள். யப்பானியரின் பழங்கதைகளிலும் கபுக்கி நாடகங்களிலும், சீனத்து மூன்று இராச்சியக் கதையிலும் வருபவர்களே அவர்கள். பெரிய உருவமொன்று வண்டியுடன் சேர்த்து 9 மீற்றர் அகலமும் 7 மீற்றர் ஆழமும் கொண்டதாயிருக்கும். உயரமோ 5 மீற்றர்தான். வீதிக்கு மேலே செல்லும் கம்பிகளும் விளக்குகளும் அதற்குமேல் இடங்கொடுப்பதில்லை. ஆகவே வீரர்கள் நிமிர்ந்து நில்லாது, பக்கவாட்டிற் பாய்கின்றனர். இடநெருக்கடியே கலையழகாகிவிட்ட விந்தை இது!

கடற்கரையோரத்துக் கூடாரங்களில் இவ்வுருவங்கள் உருவாகும் முறையை நாம் கண்டு வியந்தோம். குளிர்காலத்திலேயே படம் வரைந்து, முகங்களையும் கைகால்களையும் கம்பியால் வளைத்துக்கொள்கின்றனர். பின்னர் மரச்சட்டமிட்டு, உள்ளே விளக்குகள் பொருத்தி, 'வாஷி' என்னும் காகிதத்தை ஒட்டுகின்றனர். கருமையால் கோடிட்டு, உருக்கிய மெழுகு பூசியபின்னரே வண்ணந் தீட்டுகின்றனர். ஒரு சாயம் மற்றொன்றுடன் கலவாது தடுப்பதும், ஒளியை ஊடுருவச் செய்வதும் அம்மெழுகே. முன்னாளிற் கம்பிக்குப் பதில் மூங்கிலும், மின்விளக்குக்குப் பதில் மெழுகுதிரியும் இருந்தன.

இத்துணை உழைப்பின் முடிவு யாது? இறுதி நாளிரவு, பரிசுபெற்ற உருவங்கள் வாணவேடிக்கையினிடையே கடலில் உலாவருகின்றன. அவற்றுட் சில, 2011இல் திறக்கப்பட்ட 'வா ரஸ்ஸே' காட்சிசாலைக்குச் செல்கின்றன. ஏனையவற்றுட் பெரும்பாலானவை பிரித்தழிக்கப்படுகின்றன!

பல மாத உழைப்பு குப்பையாவதா என்று நம் மனம் பதைக்கலாம். ஆயினும் சற்றுச் சிந்திப்போம். பழைய உருவங்களையே பேணி ஆண்டுதோறும் இழுத்துவந்தால், புதிதாகக் கம்பி வளைக்கக் கற்போர் யார்? அழிவதனாலன்றோ அடுத்த ஆண்டும் கைகளுக்கு வேலை கிடைக்கின்றது! தந்தையார் கித்தமூரா தகாஷியிடம் தொழில் பயின்ற அசாக்கோ என்னும் மங்கை, 2012இல் முதற் பெண் நெபுத்தாக் கலைஞராக அரங்கேறியதும் இவ்வழியிலேயே.

கொள்ளைநோயினால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் விழா நின்றது. காட்சிசாலையில் உருவங்கள் இருந்தன. கலைஞருக்கோ தொழில் இல்லை. 2022இல் முரசு மீண்டும் ஒலித்தபோதுதான் அக்கலை மூச்சுவிட்டது. காகிதம் கிழியலாம், அதனை ஒட்டும் கை ஓயலாகாது. அவோமோரி மக்கள் போற்றிக் காப்பது அக்கையையே.