உலுருவின் அடிவாரத்தில்

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், உலுரு பாறைக்கு அருகே இருக்கும் பண்பாட்டு மையத்தின் உட்புறப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்களின் விருப்பம் அது. கையில் படம் இல்லாததாலோ என்னவோ, அந்த இடம் மனசை விட்டு நகர மறுக்கிறது.

அந்த வட்டாரத்து மண்ணில் அறுத்த கற்களால் எழுப்பி, 1995-இல் திறந்த கட்டடம். நெளிந்து செல்லும் அதன் இரு பகுதிகளும் இரண்டு பாம்புகள். ஒன்று குனியா என்ற மலைப்பாம்புப் பெண். மற்றொன்று லிரு என்ற நச்சுப்பாம்பு. உடன்பிறந்தார் மகனைக் கொன்ற லிருவோடு குனியா மோதிய தடங்களை, முட்டிஜூலு சுனையருகே பாறையிலேயே காட்டுகிறார்கள்.

அங்கே விற்பனைக்கு இருந்த மரச் சிற்பங்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பல்லி, பாம்பு, பிட்டி எனப்படும் குடைந்த கிண்ணம். நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து அவற்றின்மேல் கோலம் சுடுகிறார்கள். அந்தக் கரிய கோடுகளை விரலால் தடவிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

பாறையிலிருந்து கல்லை எடுத்துச் சென்றவர்கள் மனம் பொறுக்காமல் திருப்பி அனுப்பியபோது எழுதிய மன்னிப்புக் கடிதங்களும் அங்கே உண்டு. 1985 அக்டோபர் 26-இல் நிலம் அனங்கு மக்களுக்குத் திரும்பியது. பாறைமீது ஏற வேண்டாம் என்ற அவர்களது வேண்டுகோள் நிறைவேற, 2019-இல் அதே தேதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்களது கதைகளில் ஆண்களுக்கு உரியவை, பெண்களுக்கு உரியவை, மூத்தோர் மட்டும் அறிந்தவை உண்டு. வெளியாருக்குச் சொல்வது சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவுதான். எல்லாவற்றையும் ஒரு நொடியில் தேடி எடுத்துவிடும் இந்த வாழ்க்கையில், எனக்கு இல்லாமல் போனது அந்த நிலைதான்: ஒருவர் சொல்ல, சொன்ன அளவோடு நிறைந்து உட்கார்ந்திருப்பது.

மறுபடி போக வேண்டும். மையத்திலிருந்து லிரு பாதையில் 2 கிலோமீட்டர் நடந்தால் பாறையின் அடி வந்துவிடும். காலை வெயில் ஏறுவதற்குள் நடக்க வேண்டும். அவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவே எனக்குத் தாராளம்.