சுங்கை வேயில் ஒரு பெயர்

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் பக்கம் போகும் கொமியூட்டரில் ஏறினால், வழியில் ஸ்ரீ செத்தியா என்றொரு நிலையம் வரும். எங்கள் அத்தைக்கு அது இன்றும் சுங்கை வேதான். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிப் போட்ட தடம் இது. பால் மரங்கள் நின்ற மண்ணில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. என் அம்மாவும் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். இன்று அந்தப் பக்கம் நடந்தால் ரப்பர் வாசனைக்கு ஒரு தடயமும் கிடையாது.

அத்தைக்கு எண்பது வயது ஆகப்போகிறது. "உங்க கொள்ளுத்தாத்தா ஜெயிலுக்குப் போனவருப்பா, ஏதோ திருட்டுக் கேஸாம்" என்று ஒருமுறை குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை. தாத்தா, பாட்டன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது நம் வழக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்தப் பெயர் மட்டும் யாருக்கும் இல்லை.

தம்பி மனைவி உண்டானபோதுதான் எனக்குத் தேடத் தோன்றியது.

ஜாலான் டூத்தா என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சாலையில் கோலாலம்பூர் நீதிமன்ற வளாகமும் இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கிறது. பழைய கேஸ் என்றால் போக வேண்டியது காப்பகத்துக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கேதான் உள்ளன. மாஜிஸ்திரேட்டின் கடிதம், துரையின் புகார், எப்போதாவது ஒரு கூலியின் மனு என்று எல்லாம் கலந்து கிடக்கும். வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களைப் பார்க்கலாம். கோர்ட்டுச் செய்திகள் அதில் நிறைய உண்டு.

ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். காதில் விழுந்ததை கிராணி எழுதினார். ஒரே 'சாமி'யை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாகப் பார்த்துவிட்டேன். தோட்டத்தின் பெயரும் தகப்பன் பெயரும் கையில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரிலும் வம்பு உண்டு. சுங்கை என்பதன் ஐந்தாவது ஆங்கில எழுத்து இன்று 'ஏ', அன்று 'ஈ'. இது தெரியாமல் எனக்கு இரண்டு வார இறுதிகள் வீணாகின. பழைய கிள்ளான் சாலையிலுள்ள பீர் ஆலை இன்னும் அந்தப் பழைய எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. எத்தனை முறை அதைக் கடந்து போயிருப்பேன்!

அன்றைய தொழிலாளர் சட்டத்தைப் படித்த பிறகு 'ஜெயில்' என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரி கேட்டது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர், காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றவாளி. அபராதம் அல்லது சிறை. இந்தியாவிலிருந்து அப்படி ஆள் எடுப்பது 1910-இல்தான் நின்றது. லயத்தில் காய்ச்சலும் கங்காணியிடம் கடனுமாகக் கிடந்து, ஒரு ராத்திரி எழுந்து நடந்தவன் திருடனா?

1911-இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் மனைவி எத்தல் பிரவுட்லாக், ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அந்தக் கேஸுக்குப் பத்தி பத்தியாக இடம் கிடைத்தது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, சிலாங்கூர் சுல்தான் மன்னித்தார், சாமர்செட் மாம் கதையாக்கினார். தோட்டத்தை விட்டு ஓடிய கூலிக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

அப்படிப்பட்ட ஒரு வரியில்தான் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மாதிரி ஒரு பெயரைக் கண்டேன். 1910-க்கு முந்தைய இதழ். சுங்கை வே தோட்டம். ஓடியதற்கு ஒரு மாதம் சிறை. களவு பற்றி ஒன்றுமில்லை.

அச்செடுத்துக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஓடிப்போனதுக்கா?" என்றார். இரண்டாம் முறையும் அதையே கேட்டார்.

"இவரே நம்ம ஆளுன்னு உறுதியா தெரியல அத்தை. அந்தப் பேர்ல நாலு பேர் இருந்திருக்கலாம்."

"அவங்க அப்பா பேரு போட்டிருக்கா?"

"இல்ல."

தம்பி மகனுக்குப் பெயர் பதிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அத்தை காகிதத்தை நான்காக மடித்து, சாமி மேடையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்தார்.

"அப்போ மறுபடியும் போய்ப் பாருய்யா. சீக்கிரம் பாரு."