கோழித் தட்டுக்கு ஒரு இன்டர்வியூ!

லீவுக்கு ஊருக்குப் போனதும் என்ன பண்ணுவீங்க? பையைத் தூக்கிப் போட்டுட்டு, மொபைலை சார்ஜ்ல சொருகிட்டு, 'அம்மா... இன்னிக்கு என்ன குழம்பு?'னு குரல் கொடுப்பீங்க. நாட்டுக்கோழி வளர்க்கிற வீடா இருந்தா, தட்டுல ஒரு முட்டை எக்ஸ்ட்ரா விழும். அடுத்த தடவை சாப்பிட உட்காருறதுக்கு முன்னாடி, கொல்லைப்பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. கோழிக்குத் தீனி வைக்கிற பாத்திரத்தைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.

பழைய பெயின்ட் வாளி, பாதியா அறுத்த கேன், துருப்பிடிச்ச தகரம், தெர்மாகோல் பெட்டி மூடி... வீட்டுல எது ரிட்டயர் ஆகுதோ, அது நேரா கோழிக்கு! 'ஊசி போடலை, மருந்து கலந்த தீவனம் கொடுக்கலை, தானா மேயுது, சுத்தமான இயற்கை முட்டை'னு பெருமையா சொல்றோம். அந்தக் கோழி சாப்பிடுற தட்டு எங்கே இருந்து வந்ததுன்னு யாரும் கேக்கறதில்லை.

கேளுங்க பாஸ்! கேம்பஸ் இன்டர்வியூல நம்மளை ரவுண்டு ரவுண்டா வறுத்தெடுக்குறாங்க இல்லையா? கோழித் தட்டுக்கும் மூணே மூணு ரவுண்டு வைங்க.

ரவுண்டு 1: இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?

மூணுல இதுதான் முக்கியம். எங்க அப்பத்தா ஊர் அருப்புக்கோட்டை பக்கம். கரிசக்காடு, பருத்தி வெள்ளாமை. பருத்திக்கு மருந்தடிச்ச காலி கேனை அழகா நெடுக்குவாக்குல அறுத்து, அதுலதான் கோழிக்குக் கம்பு வச்சிருந்தாங்க. கேட்டா, "நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்டா. கெட்டியா இருக்கு, வீணா எதுக்கு எறியணும்?"

அவங்க சிக்கனத்தைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் பிளாஸ்டிக்குலதான் இருக்கு. பூச்சிமருந்து அந்த கேனோட சுவருக்குள்ளேயே ஊறிப் போயிருக்கும். மேலாக்கக் கழுவினா வாசனை போகும், உள்ளே ஊறினது போகாது.

2013 ஜூலை 16. பீகார், சரண் மாவட்டத்துல ஒரு கிராமத் தொடக்கப் பள்ளி. அன்னிக்கு மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனாங்க. சமையல் எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது சோதனையில தெரிஞ்சது. மருந்து இருந்த பாத்திரத்துல எண்ணெயை வச்சிருந்தாங்கன்னு அதிகாரிகள் சொன்னாங்க. பறவைகளுக்கும் இது கொடிய விஷம். 1995-96ல அர்ஜென்டினாவுல ஆயிரக்கணக்கான பருந்துகள் செத்து விழுந்ததுக்கு இதே மருந்துதான் காரணம்.

அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். "கோழியும் மனுசப் புள்ளையும் ஒண்ணாடா?"ன்னாங்க. "முட்டையைத் தின்னுறது மனுசப் புள்ளதானே அப்பத்தா? அக்கா மகளுக்கு நீதானே தினம் ஒண்ணு அவிச்சுக் கொடுக்குறே?"

பதில் வரலை. கொஞ்ச நேரம் கழிச்சு கடப்பாரைச் சத்தம் கேட்டுச்சு. வீட்டுல கிடந்த அத்தனை மருந்து கேன்லயும் ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க, வேற யாரும் எடுத்துப் புழங்கிடக் கூடாதுன்னு! கோழி உடம்புக்குள்ள போற ஈயம் முட்டைக்கும் வரும். கொழுப்புல கரையுற சில நஞ்சு மஞ்சள் கருவுல போய்த் தங்கும். அதனால மருந்து, பெயின்ட், ஆயில், ஆசிட், பினாயில் இருந்த எதுவா இருந்தாலும் முதல் ரவுண்டுலயே அவுட்!

ரவுண்டு 2: உன் உடம்பு எதுல செஞ்சது?

கோழிக்குப் பல் கிடையாது. பொடிக்கல்லைக் கொத்தி விழுங்கி, அதை வயித்துக்குள்ள வச்சுத்தான் தீனியை அரைக்கும். ஸோ, பளபளன்னு ஒரு துணுக்கு கண்ணுல பட்டா உடனே கொத்தும். பழைய பெயின்ட் பொருக்கா இருந்தாலும் சரி, தகரச் சில்லா இருந்தாலும் சரி, உள்ளே போய் அரைபடும். நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின டப்பாக்கள் இன்னும் எத்தனை வீட்டுப் பரண்ல இருக்கோ!

ஜி.ஐ. வாளி? முதல் வருஷ கெமிஸ்ட்ரியில கால்வனைசிங் படிச்சிருப்பீங்க. இரும்பு துருப்பிடிக்காம இருக்க மேலே துத்தநாகப் பூச்சு. இரண்டு மார்க் கேள்வி. காய்ஞ்ச தானியம் போட்டா அந்த வாளியில பெரிசா பிரச்னை இல்லை. புளிச்ச கஞ்சியோ மோரோ ஊத்தினா, புளிப்புல துத்தநாகம் கரைய ஆரம்பிக்கும். அளவுக்கு மீறின துத்தநாகம் கோழிக்கு விஷம்.

பிளாஸ்டிக்கா? கவுத்துப் போட்டு அடியில முக்கோணத்துக்குள்ள இருக்கிற நம்பரைப் பாருங்க. 2, 5 ரெண்டும் பரவாயில்லை. ஆனா அது பிளாஸ்டிக்கோட ஜாதகம் மட்டும்தான். பூச்சிமருந்து கேன்லயும் பெரும்பாலும் 2 தான் இருக்கும்! அதனாலதான் ரவுண்டு 1 முக்கியம்னு சொன்னேன். வெயில்ல கிடந்து வெடிச்ச பிளாஸ்டிக்கும் வேண்டாம், கீறல்ல அழுக்கு உட்கார்ந்துடும். தெர்மாகோலைப் பக்கத்துலயே விடாதீங்க. பாப்கார்ன் மாதிரி கொத்தித் தின்னுடும்.

ரவுண்டு 3: வேலையில சேர்ந்தப்புறம் ஒழுங்கா நடந்துக்குவியா?

கோழிக்குத் தட்டுல ஏறி நின்னு கிளறினாத்தான் திருப்தி. கிளறும்போதே எச்சமும் போடும். ஒரு கோழியோட எச்சம் இன்னொரு கோழியோட தீனியில கலந்தா ரத்தக்கழிச்சல் சுலபமா பரவும். தட்டு கனமா, கவிழாததா இருக்கணும். விளிம்பு கோழியோட முதுகு உயரத்துக்கு வர்ற மாதிரி ரெண்டு செங்கல் மேல வைங்க. மூணுல ஒரு பங்கு மட்டும் நிரப்புங்க, சிதறாது.

பொழுது சாய்ஞ்சா மிச்சத்தை எடுத்துடுங்க. ஈரமான தீனியில பூசணம் சீக்கிரம் பிடிக்கும். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் செத்துப்போச்சு. பூசணம் பிடிச்ச கடலைப் பிண்ணாக்குதான் காரணம்னு அப்புறம் தெரிஞ்சது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் கண்டுபிடிச்சதே அப்படித்தான்.

செலக்ட் ஆனது யாரு?

மூணு ரவுண்டும் பாஸ் பண்ணினவங்க நம்ம பழைய ஆளுங்கதான். மேல்பூச்சு இல்லாத, அகலமான மண்சட்டி. கல்தொட்டி. அடி கனமான எவர்சில்வர் கிண்ணம். மண்சட்டியில பாசி பிடிக்கும். தினம் தேங்காய் நாரால தேய்ச்சு வெயில்ல காய வைக்கணும். வேலைதான். ஆனா ஒரு சட்டியோட விலை நம்ம சினிமா டிக்கெட்டை விடக் கம்மி.

தண்ணிக்கு நம்ம இன்ஜினீயரிங் மூளையைக் காட்டலாம். குடிதண்ணி வாங்கின காலி பாட்டில்ல, அடியை ஒட்டி ஒரு ஓட்டை போடுங்க. ஓட்டை சட்டி விளிம்பை விடத் தாழ இருக்கணும், அதுதான் சூட்சுமம். தண்ணி நிரப்பி, மூடியை இறுக்கி, சட்டிக்குள்ள நிறுத்தி ஒரு குச்சியோட சேர்த்துக் கட்டுங்க. தண்ணி ஓட்டையை மூடினதும் உள்ளே காத்து போக வழியில்லை. வெளியே இருக்கிற காத்தழுத்தம் தண்ணியை நிறுத்திடும். கோழி குடிக்கக் குடிக்க, தானா நிரம்பும். கரென்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம்! நிழல்ல வைங்க, பாசி பிடிச்சா பாட்டிலை மாத்துங்க. குஞ்சு இருந்தா சட்டியில நாலு கூழாங்கல்லைப் போடுங்க, விழுந்து மூழ்காது.

மூணு ரவுண்டும் ஞாபகம் இல்லையா? ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்தப் பாத்திரத்துல மோர் ஊத்திக் கொடுத்தா நான் குடிப்பேனா?' யோசிக்கிறீங்கன்னா, அந்தக் கேண்டிடேட்டை ரிஜெக்ட் பண்ணிடுங்க!