பிரண்டைச் சாறு விட்ட பாட்டு

ரமணர் என்றால் எல்லோரும் மௌனத்தைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், அது உண்மைதான். ஆனால் திருவண்ணாமலைக்காரனான எனக்கு அவர் பெயரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது பாட்டு. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதில் இந்த ஊரில் வந்து இறங்கிய அந்தத் திருச்சுழிப் பிள்ளை, பின்னாளில் தெருவில் பாட ஒரு பாட்டும் அடுப்படியில் பாட ஒரு பாட்டும் கட்டித் தந்தார். நூறு வருஷம் கடந்தும் இரண்டும் பழசாகவில்லை.

தெருப் பாட்டு முதலில். இந்த ஊர் மலையில் உள்ள விருபாட்ச குகையில் அவர் இருந்த நாட்களில், கூட இருந்த அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி வேறு சிலர் முந்திப் போய்ச் சோற்றை வாங்கிக்கொண்டு விடுவதும் நடந்தது. தங்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு இருந்தால் வீட்டுக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்களே என்று அடியார்கள் கேட்டார்கள். அப்படி வந்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை. பெரிய தத்துவ நூலாக இன்று உரை எழுதுகிறார்கள். பிறந்தது என்னவோ பசிக்காக. நாயகி உரிமையோடு நாயகனிடம் சண்டை போடுகிற தோரணைதான் அதன் உயிர். வீட்டை விட்டு என்னை இழுத்து வந்தவன் நீ, இப்போது கைவிட்டால் கெட்டுப்போவது யார் பெயர் என்று, நாயகனான மலையையே மடக்கிக் கேட்கிற பாட்டு. அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் வீட்டுப் பெண்கள் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு பாட்டு பிரபலமாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என் மனசுக்கு நெருக்கமானது அடுப்படிப் பாட்டு. அம்மா அழகம்மாள் மகனோடு தங்க மலைக்கு வந்துவிட்டார். அப்பளம் இட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. வேண்டிய சாமான்களைச் சேர்த்துக்கொண்டு மகனையும் கைகொடுக்கக் கூப்பிட்டார். மகன் கைகொடுப்பதற்குப் பதிலாக அப்பளப் பாட்டை எழுதினார். உன் அப்பளத்தை நீ இடு, என் அப்பளத்தை நான் இடுகிறேன் என்பது போல.

கேட்டதும் சிரிப்பு வரும். ‘நான்’ என்கிற அகந்தைதான் உளுந்து. அது விளைந்த வயல் ஐந்து கோசங்களால், அதாவது உறைகளால், ஆன இந்த உடம்பு. ‘நான் யார்’ என்ற விசாரம் அதை உடைத்துப் பொடியாக்கும் திரிகை. நல்லோர் கூட்டுறவு பிரண்டைச் சாறு, மன அடக்கமும் புலனடக்கமும் சீரகம், மிளகு, பற்றற்றிருப்பது உப்பு, நல்ல வாசனை, வேறென்ன, பெருங்காயம். கல்லாய் இறுகிய நெஞ்சே உரல், உள்முகமாகத் திரும்பிய மனசே உலக்கை. சாந்தம் குழவி, சமநிலை பலகை. பிரம்மம் என்னும் நெய்யை ஞானத் தீயில் காயவைத்துப் பொரித்துத் தின்ன வேண்டியதுதான்.

வேதாந்தத்தை அன்றாட விஷயங்களில் ஏற்றிச் சொன்னது இவர் மட்டும் இல்லை. சித்தர்கள் பாம்பையும் குயிலையும் வைத்துச் சொன்னார்கள். செங்கோட்டை ஆவுடையக்காள் கும்மியிலும் பள்ளிலும் அம்மானையிலும் வைத்துச் சொன்னாள். அந்தப் பாட்டுகள் பெண்களின் வாயிலும் கையெழுத்து நோட்டுகளிலும்தான் தலைமுறை தாண்டி வந்தன. ஆனால் இந்த மாதிரிப் பாட்டுகளில் பலவற்றில், தத்துவம் முன்னே போகப் போகப் பாத்திரம் காணாமல் போய்விடும். பாடுகிறவருக்கு உலக்கையைப் பற்றிக் கவலையே இருக்காது. அந்த இடத்தில் பாட்டும் செத்துவிடும்.

அப்பளப் பாட்டு சாகாததற்குக் காரணம் அதன் பக்குவம் சரியாக இருப்பதுதான் என்பது என் கட்சி. என் பெரியத்தை நாற்பது வருஷம் கோடையில் அப்பளம் இட்டவள், எழுத்து வாசனை குறைவு. பாட்டை அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். தத்துவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரண்டை வந்த இடத்தில் தலையை ஆட்டினாள். “தெரிஞ்சவர்தான் எழுதியிருக்கார்” என்றாள். வெறும் தண்ணீரில் மாவைப் பிசைந்தால் அப்பளம் பொரியாது, பிரண்டைச் சாறு விட்டால்தான் பொரிந்து கொடுக்கும் என்பது அவள் கணக்கு. பச்சைப் பிரண்டை கையை அரிக்கும். அந்த அரிப்பைத் தாங்கித்தான் சாறு எடுக்க வேண்டும். நல்லோர் கூட்டுறவுக்கு அதைத் தேர்ந்தெடுத்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். மாவை எவ்வளவுக்கு எவ்வளவு இடிக்கிறோமோ அவ்வளவுக்கு அது இழுபடும், இடிப்பதில் சலித்துக்கொண்டால் அப்பளம் தடித்துப்போகும் என்றும் அத்தை சொன்னாள். பாட்டும் ஓயாமல் இடி என்றுதான் சொல்கிறது. உடைப்பது, கலப்பது, இடிப்பது, இடுவது, பொரிப்பது: ஒரு வேலைகூட வரிசை மாறவில்லை. தத்துவத்தை மொத்தமாக எடுத்துவிட்டாலும் மிச்சம் நிற்பது ஒரு நல்ல கைப்பக்குவம். இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்பதால்தான் சேரும்போது சிரிப்பு வருகிறது, சிரித்த பிறகு யோசனையும் வருகிறது.

அவருக்கு அடுப்படி தெரியும் என்பதற்குப் பின்னாளில் சாட்சிகள் நிறைய. மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்த பிறகு, விடிவதற்கு முன்பே எழுந்து வந்து காய் நறுக்கிக்கொண்டும் சட்னி அரைத்துக்கொண்டும் இருந்தவர் அவர். கூட வேலை செய்தவர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே கையிலிருந்து வந்த இன்னொரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். 1931 சித்ரா பௌர்ணமி. ஆசிரமத்தில் பலமான விருந்து. வயிற்றின் தொல்லை தாங்கவில்லை என்று ஔவை பாடிய வெண்பாவை ஓர் அன்பர் சொன்னார். உடனே ரமணர் கட்சி மாறி வயிற்றுக்காக ஒரு வெண்பா பாடினார். ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வு தராமல் தின்றுகொண்டே இருக்கிறாயே உயிரே, உன்னோடு காலம் தள்ள முடியவில்லை என்று வயிறு முறையிடுகிறது. விருந்து வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியுமா?

கிரிவலப் பாதையில் இப்போது ஒலிபெருக்கிகளுக்குக் குறைவில்லை. ரமணர் பாட்டும் அவற்றில் கலந்து வருகிறது. ஆனால் அப்பளப் பாட்டு ஒலிபெருக்கிக்கு உரிய பாட்டு அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பலகையும் குழவியும் வைத்து அப்பளம் இடத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தப் பாட்டை அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். உரையாசிரியர்கள் சொல்லாத ஏதாவது ஒன்றை அவர்கள் சொல்வார்கள். அதைக் குறித்து வையுங்கள்.