ஊருக்கும் மனசாட்சி உண்டு

தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கே வருஷக்கணக்கில் ஆகிறது. ஒரு ஊருக்கு எவ்வளவு காலம் ஆகும்? வாலிபத்தில் எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கல்யாணப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று சித்தப்பா வீட்டோடு பேச்சை நிறுத்தியவன் நான். பொழுது விடிவதற்குள் அவர் வந்து வருத்தம் தெரிவிக்கவில்லையே என்பது என் பெரிய மனத்தாங்கல்! இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

புதுச்சேரிக்காரர்கள் பலருக்குப் பிரான்சில் யாராவது ஒரு சொந்தம் இருக்கும். எனக்கு மகள் இருந்தாள், லுவார் ஆற்றங்கரையில் உள்ள நாந்த் நகரில். பழைய துறைமுக ஊர் அது. சாயங்காலம் ஆற்றோரமாக நடக்கப் போவேன். அங்கே தரையில் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு கப்பலின் பெயரும் அது புறப்பட்ட காலமும் இருக்கும். மிச்சத்தில், ஆப்பிரிக்க மக்களை வாங்கி விற்ற துறைகளின் பெயர்கள். பிரான்சின் அடிமை வணிகத்தில் முதலிடம் இந்த ஊருக்குத்தான். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை இவ்வூர்க் கப்பல்கள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அங்குள்ள பழைய கோட்டை இப்போது அருங்காட்சியகம். அதில் ‘மரி செராஃபிக்’ என்ற கப்பலின் 18ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் பக்திதான் வரும். படத்தில் கப்பலின் உட்பக்கத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். பீப்பாய்கள் ஒரு தட்டில். மனிதர்கள் இன்னொரு தட்டில், தலைமாடு கால்மாடாக, இடைவெளியே இல்லாமல். 1769இல் அதில் ஏற்றப்பட்டவர்கள் 307 பேர். வரைந்தவருக்கு நல்ல கை. கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

நான் புதுச்சேரி என்று தெரிந்ததும், அங்கிருந்த காவலாளி அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்கில் துணிதான் முக்கியம். அதிலும் இந்தியப் பருத்தித் துணிக்குத் தனி மவுசு. நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணியும் அந்த ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிருக்கிறது. குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வீட்டு மனிதரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். தறியில் உட்கார்ந்தவருக்கு அந்தத் துணி எங்கே போகும் என்று தெரிந்திருக்காது. வாங்கிக் கப்பலேற்றிய முதலாளிக்குத் தெரியும்.

இதையெல்லாம் அந்த ஊர் ஒரே நாளில் வாய் திறந்து சொல்லிவிடவில்லை. அடிமைகளுக்கென்று அரசர் போட்ட ‘கருப்புச் சட்ட’த்தின் 300ஆம் ஆண்டை ஒட்டி, 1985இல் சிலர் நினைவு நிகழ்ச்சிகள் நடத்த முயன்றார்கள். நகராட்சி ஆதரவு தர மறுத்துவிட்டது. 1992இல் அதே கோட்டைக்குள் பெரிய கண்காட்சி வைத்தார்கள். லட்சக்கணக்கில் ஜனம் வந்து பார்த்தது. அடிமை ஒழிப்பின் 150ஆம் ஆண்டான 1998இல் ஆற்றங்கரையில் ஒரு சிலை நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே யாரோ அதை உடைத்துப் போட்டார்கள். உடைத்தவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. நிலையான நினைவிடம் வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுத்தது. நான் சொன்ன கண்ணாடிப் பலகைகளோடு அது 2012இல் திறக்கப்பட்டது.

மறுத்த ஆண்டிலிருந்து எண்ணினால் 27 வருஷம். பொழுது விடிவதற்குள் வருத்தம் கேட்டவனுக்கு இது நல்ல பாடம். அந்த 27 வருஷமும் யாரோ சிலர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. காலம் தானாக எதையும் செய்வதில்லை.

ஒத்துக்கொண்டதால் அந்த ஊர் ஒன்றும் சிறுத்துப்போகவில்லை. கடலில் மாண்டவர்கள் திரும்பி வரப்போவதுமில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்டால் சொல்ல இப்போது அங்கே ஒரு பதில் இருக்கிறது. குடும்பத்திலும் அப்படித்தான். தாத்தா செய்ததற்குப் பேரன் குற்றவாளி ஆகமாட்டான். தெரிந்த பிறகும் மூடி மறைத்தால்தான் அதில் அவனுக்கும் பங்கு வந்துவிடும்.